கரை இல்லாத வேட்டி

டிசம்பர் 19

முதலில் வெட்கக்கேட்டை எழுதிவிடுகிறேன். இன்று காலை மொட்டை மாடியில் என் புருஷனின் சட்டையை மோந்து பார்த்துக்கொண்டிருந்தபோது கீழ்வீட்டு பவுலின் அக்காவிடம் மாட்டிக்கொண்டேன். மோந்தது கழுத்துப் பட்டையைத்தான். ஆனால் பார்க்கிறவளுக்கு அந்த வித்தியாசமெல்லாம் தெரியுமா?

“இன்னாடி வடிவு, இத்தினி வருஷத்துக்கு அப்புறமா?”

“சோப்பு போச்சான்னு பாத்தேன்க்கா.”

“சட்டை இன்னும் நனையவே இல்லியேடி.”

மல்லிகைப்பூ வாசனை இல்லை. அத்தர் இல்லை. சந்தனமும் பன்னீரும். கல்யாண மண்டப வாசலில் தெளிப்பார்களே, அதுதான். மார்கழி மாதத்தில் எவன் வீட்டில் கல்யாணம்?

இன்னொன்று. என் புருஷன் சிகாமணி எங்கள் பகுதிக்குக் கட்சியின் வட்டச் செயலாளர். மயில்நீலக் கரை வேட்டி இல்லாமல் அவரை நான் பார்த்ததே இல்லை. தாலி கட்டும்போதும் அதே கரைதான். என் அம்மா மணவறையிலேயே அழுதாள். அப்பேர்ப்பட்டவர் இந்த மாதம் முழுக்க, சாயங்காலமானால் கரையே இல்லாத வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு கிளம்புகிறார்.

“எங்க தலைவரே, கரைய வழியில விட்டுட்டியா?” என்று கேட்டேன்.

“சலவைக்குப் போயிருக்குது” என்றார். துவைக்கிறவளே நான்தான்.

டிசம்பர் 21

டப்பிங் வேலை தொடங்கியது. இத்தனை வருடம் நான் அழுகை, பேய்ச்சிரிப்பு, சந்தைக் கூட்டம், சீரியல் என்றே பிழைத்தவள். முதல்முறையாகப் பெரிய திரைப் படத்தில் பெரிய வேடம். இத்தாலிக்காரர்கள் கிறிஸ்துமஸ் விடுமுறைக்கென்று எடுத்த சிரிப்புப் படம். பொங்கலன்று டிவியில் தமிழில் வரப்போகிறது.

கதை இதுதான். ஒரு மந்திரி. டிவியில் ஆடுகிற ஒருத்தியைப் பனிமலை ஓட்டலில் ஒளித்துவைக்கிறான். அதே ஓட்டலுக்குப் பெண்டாட்டியும் வந்துவிடுகிறாள். அது போதாதென்று அவன் அங்கேயே எதிர்க்கட்சிக்காரனோடு ரகசியப் பேச்சும் நடத்துகிறான். ஆக, ஒரே சமயத்தில் வீட்டுக்கும் துரோகம், கட்சிக்கும் துரோகம். அலமாரிக்குள் ஒருத்தி, கட்டிலுக்கடியில் ஒருத்தன். நான் பெண்டாட்டி.

எங்கள் டப்பிங் டைரக்டர் எட்வின் சார் சொல்கிற விதி ஒன்றே ஒன்று. திரையில் வாய் அசைந்தால் காலியாக விடக்கூடாது. தமிழ் வசனம் முடிந்தும் அந்த இத்தாலிக்காரிக்கு வாய் ஓயவில்லை.

“ரொப்புங்கக்கா. ஏதாவது போட்டு ரொப்புங்க” என்றார் கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து.

“ஊருக்கெல்லாம் வாக்குக் குடுத்தியே” என்று தாளில் இருந்தது. அதோடு தீர்ந்தது. அவள் வாய் இன்னும் போகிறது. நான் போட்டேன்: “வீட்ல இருக்கறவள ஒரு வார்த்த கேட்டியா?”

எட்வின் சார் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். தினமும் நாலு வரி எழுதிப் பழகினால் வசனத்தாள் படிக்கும் வேகம் கூடும் என்று என்னிடம் சொன்னவரும் அவர்தான். நாலாம் வகுப்போடு நின்றவளுக்கு இந்த நாலு வரியே நாலு மூட்டை. ஆனால் சமீபத்தில் எழுத விஷயம் நிறைய இருக்கிறது.

டிசம்பர் 24

பவுலின் அக்கா கேக் கொடுத்தாள். உள்ளே திராட்சையைவிட அறிவுரை அதிகம். “ஆம்பள திடீர்னு சீரியல் பாக்க ஆரம்பிச்சா கவனிக்கணும்டி.”

அவளுக்கு எப்படித் தெரியும் என்று தெரியவில்லை. இரண்டு வாரமாக அவர் எங்கே போனாலும் திரும்பிவந்து எட்டரை மணி சீரியல் பார்க்கிறார். முன்பெல்லாம் அந்த நேரத்துக்கு, “பொம்பளைங்க கண்ணீர்ல கரண்ட் எடுக்கலாம்” என்று சொல்லிவிட்டு வெளியே போகிறவர்.

அந்தச் சீரியலில் அபிராமவல்லி என்று ஒரு மாமியார் உண்டு. அவள் அதட்டினால் எதிர்வீட்டு நாய் குரைக்காது. நடிக்கிறவள் பெயர் ரேவா, வடக்கத்திப் பெண், தமிழ் வராது. அந்த அதட்டல் என்னுடையது. அவள் வாயசைக்கிறாள், நான் பேசுகிறேன். இதுவரை நாங்கள் சந்தித்ததில்லை. அவள் உதட்டை மட்டும் எனக்கு நன்றாகத் தெரியும்.

அந்த ரேவா போன மாதம் ஊதாக் கரைக் கட்சியில் சேர்ந்துவிட்டாள். எங்களுக்கு நேர் எதிரி. என் புருஷன் அவளை டீக்கடையில் திட்டாத நாளில்லை. இப்போது அவள் திரையில் வந்தால் ஒலியைக் கூட்டுகிறார்.

இன்று சாப்பிடும்போது, சோற்றைப் பிசைந்துகொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்: “அந்தக் குரல்ல ஏதாவது பேசேன்.”

“எந்தக் குரல்ல?”

“அபிராமவல்லி குரல்ல. சும்மாத்தான்.”

“யோவ், அதட்டுனா பயந்துடுவ.”

“அதட்டாத. வாக்காளப் பெருமக்களே அப்படீன்னு சொல்லு.”

சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தார். அவருடைய போன் ரசச் சட்டிக்குப் பக்கத்தில் கவிழ்த்து வைத்திருந்தது. ஒருநாளும் சோற்றுக்கு முன்னால் போனைக் கொண்டுவராத மனுஷன்.

டிசம்பர் 25

பொண்டாட்டியை வேறொருத்தி குரலில் பேசச்சொல்லிக் கேட்கிற புருஷனுக்கு என்ன பெயர் என்று எட்வின் சாரிடம் கேட்க நினைத்தேன். இன்று லீவு.

டிசம்பர் 29

எங்கள் வார்டு பெண்களுக்குப் போகும் என்று போன மாதமே பேச்சு. இன்று ஒதுக்கியே விட்டார்கள். பொங்கல் கழிந்ததும் வேட்புமனு. தெருவே சிரிக்கிறது. இருபது வருடமாக இந்த வார்டுக்குச் சாக்கடை அடைப்பு முதல் சாவுவீட்டுப் பந்தல் வரை முன்னால் நின்ற மனுஷன், நிற்கமுடியாது.

இப்படி வந்தால் வழக்கம் ஒன்று உண்டு. பெண்டாட்டியை நிறுத்திவிட்டு இவர்கள் மாலையை வாங்கிக்கொள்வார்கள். மீன் கடையில் மூன்று பேர் என்னை, “கவுன்சிலரம்மா, வஞ்சிரம் எடுத்துக்கோ” என்றார்கள். நானும் கையைக் கூப்பினேன். சிரித்தார்கள், நானும் சிரித்தேன்.

வீட்டுக்கு வந்து முகம் கழுவி, கொஞ்சம் நல்ல புடவையாகக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதற்கு ஒரு காரணமும் இல்லை.

அவர் வந்தார். சாப்பிட்டார். “கட்சில மாவட்டத்தோட மருமகளுக்குக் குடுக்கப்போறாங்களாம்” என்றார். மாவட்டம் என்றால் மாவட்டச் செயலாளர். கையைக் கழுவினார். வெள்ளை வேட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

என்ன புடவை கட்டியிருந்தேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது அவருக்கு.

ஜனவரி 1

பின்னால் போனேன்.

பவுலின் அக்காவின் கறுப்புக் குடையை வாங்கிக்கொண்டு போனேன். மழை இல்லை, வெயிலும் போய்விட்டது. அவருக்குப் பின்னால் வந்த ஷேர் ஆட்டோவில் ஏறி, குடையை விரித்து முகத்தை மறைத்ததில் பக்கத்தில் இருந்தவர் கண்ணைக் குத்தப்பார்த்தேன்.

அவர் இறங்கியது வடபழனிப் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தில். வாசலில் வாழைமரம் இல்லை, மேளம் இல்லை. ஆனால் பன்னீர்ச் செம்பு வைத்திருந்தது. உள்ளே போகிறவர்களெல்லாம் ஆண்கள். எல்லோரும் கரையில்லாத வேட்டி. இது என்ன கல்யாணம் என்று எனக்கு விளங்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் ஒரு பெரிய கார் வந்தது. ரேவா இறங்கினாள். நேரில் சின்ன உருவம். என் புருஷன் வாசலுக்கே ஓடிவந்து இரண்டு கையும் கூப்பி, முதுகை வளைத்து நின்றார். எங்கப்பா பெண் கொடுத்தபோதுகூட அந்த முதுகு வளையவில்லை.

வீட்டுக்கு வந்து ரவா உப்புமா கிண்டினேன். அவருக்குப் பிடிக்காது.

ஜனவரி 3

ஸ்டூடியோவில் இன்று அந்த இத்தாலிக்காரி புருஷனைப் பெரிய மீனால் அடிக்கிற காட்சி. ஒரே டேக்கில் சரியாக வந்தது. எட்வின் சார், “அக்கா, கொஞ்சம் காமெடியா இருக்கணும்” என்றார்.

ஜனவரி 6

சாப்பாட்டு இடைவேளையில் ஒருவர் தேடிக்கொண்டு வந்தார். ஊதாக் கரை வேட்டி, சட்டைப்பையில் மூன்று பேனா. பெயர் மணிமொழியனாம், அந்தக் கட்சியின் பகுதிப் பொறுப்பாளராம்.

“அக்கா, நீங்க ஒத்துக்கிட்டது பெரிய மனசு. அண்ணன் எல்லாத்தையும் சொல்லியிருப்பாரே.”

எந்த அண்ணன், எதை என்று நான் கேட்கவில்லை. “சொன்னாரு, சொன்னாரு. நீங்களும் ஒருவாட்டி சொல்லுங்க, காதுக்கு நல்லாருக்குது” என்றேன்.

சொல்லிவிட்டார். பன்னிரண்டாம் தேதி எங்கள் தெருமுனையில் இணைப்புக் கூட்டம். என் புருஷன் ஆட்களோடு ஊதாக் கட்சிக்குத் தாவுகிறார். பதிலுக்கு அவருக்கு அங்கே பகுதிப் பொறுப்பு. மண்டபத்தில் நடந்ததெல்லாம் அதற்கான பேச்சு. யார் எந்தக் கட்சி என்று வெளியே தெரியக்கூடாதென்றுதான் கரையில்லாத வேட்டியாம். எங்கள் வார்டில் நிற்கப்போகிறவள் ரேவா.

“பாப்பாவுக்குச் சொந்தக் குரல் எலி மாதிரிக்கா. தமிழும் வராது. ஜனங்களுக்கு அபிராமவல்லிதான் வேணும். அண்ணன்தான் யோசன குடுத்தாரு. மேடைல பாப்பா வாயசைக்கும், நீங்க பின்னாடி ஒக்காந்து பேசிடுங்க. போன்ல போட்டுக் காட்டுனாருக்கா, வாக்காளப் பெருமக்களேன்னு. அப்படியே சிலுத்துப்போச்சு எனக்கு.”

“எம் பொண்டாட்டி நான் சொன்னா தட்டமாட்டான்னு சொன்னாரா?”

“அதே வார்த்த.”

ஆக, வேறு பொம்பளை விவகாரம் இல்லை. பவுலின் அக்காவிடம் சொன்னேன், “நல்லவேளடி” என்று நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டாள். எனக்கும் நல்லவேளையாகத்தான் இருந்திருக்க வேண்டும். தயிர்சாதத்தை அப்படியே மூடி வைத்துவிட்டேன். புளித்திருந்தது போல.

ஜனவரி 8

இன்றுதான் அவர் வாயைத் திறந்தார். “வடிவு, ஒரு அம்மாவுக்குத் தொண்ட சரியில்லையாம். சின்ன உதவி.” நான் ஆச்சரியப்பட்டேன். இருபத்தைந்து வருட டப்பிங் அனுபவத்தில் அவ்வளவு நல்ல ஆச்சரியத்தை நான் கொடுத்ததில்லை.

“அது யாருங்க அந்த அம்மா?” என்று கேட்டேன்.

“உனக்குத் தெரிஞ்ச ஆளுதான்” என்று சொல்லிவிட்டு, கட்சி மாறுவதையும் சொன்னார். சொல்லும்போது தரையையே பார்த்தார். “இருபது வருசம் நாயா ஓடுனேன். மருமகளாம் மருமக. அந்தப் பொண்ணுக்கு இந்தத் தெருவுல எந்த வீட்டுக் கொழாய்ல தண்ணி வரலன்னு தெரியுமா?”

“தெரியாது” என்றேன். எனக்குத் தெரியும். அவர் ஊரில் இல்லாத நாட்களில் குடத்தோடு வருகிறவர்களுக்குப் பதில் சொல்கிறவள் நான்தான். அதை நான் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.

ஜனவரி 10

ஒத்திகை. ரேவா என் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். கன்னம் ஒட்டிப்போய், கண்ணுக்குக் கீழே கறுப்பாக இருந்தது.

“அக்கா, நான் உங்கள மாதிரி நடிக்கிறேன். டிவில உங்க வாய்ஸ் கேட்டு, அது மாதிரி நடிக்கிறேன்” என்றாள், அவளுடைய எலிக்குரலில், தட்டுத்தடுமாறிய தமிழில். அவள்மேல் எனக்குக் கோபம் வந்திருந்தால் வசதியாக இருந்திருக்கும். அவள் பையிலிருந்து கமலாப்பழம் எடுத்து உரித்து, நாரெல்லாம் எடுத்துக் கொடுக்கிறாள்.

“எலெக்ஷன்ல நிக்க உனக்கு ஆசையாம்மா?”

“இல்லக்கா. சொன்னாங்க. கேக்கல, சொன்னாங்க.”

அப்படியா என்று கேட்டுக்கொண்டேன். பேச்சு மூன்று பக்கம். அதில் எங்கள் தெருப் பெயரே தப்பு. மணிமொழியனிடம் காட்டினேன். “யாருக்கா கவனிக்கப்போறாங்க” என்றார்.

ஜனவரி 12

நடந்தது நடந்தபடி எழுதுகிறேன். மற்றவர்கள் வேறுமாதிரி சொல்வார்கள்.

தெருமுனையில் மேடை. பின்னால் ஊதாக் கட்சித் தலைவரின் பெரிய ப்ளெக்ஸ் பேனர். அதற்கும் பின்னால் டிரான்ஸ்பார்மர் பக்கம் பிளாஸ்டிக் நாற்காலியில் நான், கையில் மைக். காற்றுக்குப் பேனர் கிழியாமலிருக்க அங்கங்கே அரைவட்டமாக வெட்டிவிடுவார்களே, தலைவரின் தோளில் அப்படி ஒரு வெட்டு இருந்தது. அதைத் தூக்கிக்கொண்டு பார்த்தால் ரேவாவின் பக்கவாட்டு முகம் நன்றாகத் தெரிந்தது. அவள் கையில் இருந்த மைக்குக்கு உயிர் இல்லை.

ஆரம்பத்திலிருந்து கச்சிதம். “வாக்காளப் பெருமக்களே” என்றதும் விசில். முன்வரிசைப் பெண்கள், “அபிராமவல்லிடி” என்று ஒருவரையொருவர் இடித்துக்கொண்டார்கள். மூன்று பக்கமும் ஒரு இடறல் இல்லாமல் போயிற்று. தெருப் பெயரை மட்டும் சரியாகச் சொன்னேன்.

பேச்சு முடிந்தது. என் வேலையும் முடிந்தது. மைக்கை அணைத்திருக்கலாம். பொத்தான் கட்டைவிரலுக்குக் கீழேதான் இருந்தது, ஆனால் இருட்டு.

அப்போது என் புருஷனை மேடையின் நடுவுக்குக் கூப்பிட்டார்கள். ரேவா ஊதாச் சால்வையைப் பிரித்தாள். அவர் குனிந்தார். அதே முதுகு, அதே வளைவு. சால்வை ஒரு தோளில் விழுந்தது. ரேவா அவரைப் பார்த்து ஏதோ சொன்னாள். வாழ்த்துக்கள் அண்ணா என்றிருப்பாள், பாவம்.

வாய் அசைந்தது. நான் நிரப்பினேன். இத்தனை வருடப் பழக்கம்.

“ஊருக்கெல்லாம் வாக்குக் குடுத்தியே. வீட்ல இருக்கறவள ஒரு வார்த்த கேட்டியா?”

ஸ்டூடியோவில் நின்றுகொண்டு சொன்னதைவிட உட்கார்ந்து சொன்னது நன்றாக வந்தது. எட்டு ஸ்பீக்கரிலும் போயிற்று. ரேவா வாயை மூடிக்கொண்டாள். மூடிய பிறகும் “கேட்டியா” பாதி மிச்சமிருந்தது. அந்த ஒன்றுதான் தொழிலில் பிசகு.

முன்வரிசையில் ஒரு அம்மாள், “நல்லா கேளு தாயி” என்றாள். கைதட்டல் ஆரம்பித்தது. நிகழ்ச்சியில் சேர்ந்தது என்று நினைத்துவிட்டார்கள்.

என் புருஷன் ரேவாவைப் பார்க்கவில்லை. திரும்பிப் பேனரைப் பார்த்தார். தலைவரின் முகத்தையல்ல, தோளில் இருந்த வெட்டை. நான் வெட்டை மூடிவிட்டேன். அதனால் அடுத்ததைக் காதால்தான் கேட்டேன். யார் மைக்கையோ வாங்கிப் பேசினார், தொண்டையைக் கனைத்துக்கொண்டு.

“கேக்கல. தப்புதான்.”

அதற்குள் மணிமொழியன் ஓடிவந்து என் மைக்கின் ஒயரைப் பிடுங்கிவிட்டார். “என்னக்கா பண்ணிட்டீங்க?”

“வாய் அசஞ்சுதுங்க” என்றேன்.

வீட்டுக்கு ஒன்றாகத்தான் நடந்துவந்தோம். சால்வையைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்திருந்தார். செருப்பு மட்டும் பேசிக்கொண்டு வந்தது.

ஜனவரி 13

மயில்நீலக் கட்சி அவரை நீக்கிவிட்டதாகக் காலைச் செய்தித்தாளில் வந்தது. ஊதாக் கட்சியிலிருந்து மணிமொழியன் வந்து, இணைப்பு செல்லாது என்று சொல்லிவிட்டுப் போனார். சால்வையைத் திருப்பிக் கேட்க மறந்துவிட்டார்.

மத்தியானம் ரேவா போன் செய்தாள். சொந்தக் குரலில் பேசியதால் முதலில் யாரென்றே தெரியவில்லை. தேர்தலில் நிற்கவில்லை என்று சொல்லிவிட்டாளாம். “அக்கா, அந்த டயலாக் எந்த எபிசோட்?” என்று கேட்டாள். இனிமேல்தான் வரும் என்றேன்.

அவர் நாள் முழுக்கக் கைலியோடு உட்கார்ந்திருந்தார். எந்த வேட்டியைக் கட்டுவது என்று தெரியவில்லை போல. நான் கேலி செய்யவில்லை. அதில் பயந்துபோய், “உடம்பு சரியில்லையா?” என்று இரண்டு முறை கேட்டார்.

ஜனவரி 14

போகி. விடியும்போதே தெருவில் புகை. எழுந்து பார்த்தால் ஆளைக் காணோம். வாசலில் நிற்கிறார், தோளில் பெரிய மூட்டை. மயில்நீலக் கரை வேட்டிகள், இருக்கிறது அத்தனையும். கீழே பவுலின் அக்கா வீட்டுப் பழைய பாயோடு சேர்த்துக் கொளுத்தப் போகிறார்.

“வைய்யி கீழ. நல்ல வேட்டி” என்றேன். “கரையக் கிழிச்சுட்டுக் கட்டிக்கலாம்.”

மூட்டையை வைத்தார். படியில் உட்கார்ந்தார். நானும் இரண்டு படி மேலே உட்கார்ந்தேன்.

“உன்னக் கேக்கணும்னு முதல்ல தோணுச்சு வடிவு. வார்டு மாறும்னு பேச்சு வந்தப்பவே. மாறுன அன்னிக்கும் தோணுச்சு. நல்ல பொடவ கட்டிக்கிட்டு ஒக்காந்திருந்த. அந்த மாம்பழக் கலரு.”

நான் முந்தானை நுனியைச் சுருட்டினேன்.

“கேட்டா நீ சிரிச்சுடுவ. மீன்கடைல கும்புடு போட்டுச் சிரிச்சியாமே. என்னத்தச் சொன்னாலும் சிரிச்சுடுற. இருபது வருசத்துல நான் ஆசப்பட்டது இது ஒண்ணு. அதுக்கும் சிரிச்சன்னா அப்புறம் என்ன பண்றது?”

புகை கண்ணில் பட்டது. போகி என்றால் அப்படித்தான்.

“கொரல மட்டும் கேட்டா தப்பில்லன்னு நெனச்சுட்டேன்” என்றார். பிறகு, ரொம்பச் சின்னக் குரலில்: “நீ நிக்கிறியா? கட்சி கிட்சி எதுவும் இல்ல. சும்மா, நீ.”

சொல்ல வாயில் நாலைந்து வேடிக்கை தயாராக இருந்தது. இந்தத் தொழிலில் காலியாக விடக்கூடாது. விட்டேன்.

“யோசிச்சுச் சொல்றேன்” என்றேன், கொஞ்சம் கழித்து.

ஜனவரி 15

பொங்கல். பால் நன்றாகப் பொங்கியது. யோசித்துவிட்டேன். நிற்கிறேன் என்று சொன்னதற்கு, “அப்ப நாளைக்கே தண்ணி வராத வீடெல்லாம் ஒரு தாள்ல எழுதணும்” என்றார். எழுதவேண்டாம், எனக்குத் தெரியும் என்றேன். சொல்லு என்றார். சொன்னேன். கடைசிவரை கேட்டார். நடுவில் சர்க்கரைப் பொங்கல் அடிப்பிடித்தது.

சாயங்காலம் இத்தாலிப் படம். பவுலின் அக்கா குடும்பத்தோடு மேலே வந்து உட்கார்ந்தாள். அந்த வசனம் வந்தபோது எல்லோரும் திரையைப் பார்த்தார்கள், என் புருஷன் மட்டும் என்னைப் பார்த்தார். “ஓ, இதுலேர்ந்து எடுத்ததா?” என்றார். “இல்ல, இதுக்குக் குடுத்தது” என்றேன்.

நாளை மறுநாள் வேட்புமனு கொடுக்கப் போகிறோம். எந்தக் கட்சியும் இல்லை, சுயேச்சை. அவர் கரை இல்லாத வெள்ளை வேட்டிதான் கட்டுவேன் என்று உறுதியாக இருக்கிறார். யாரும் எந்தச் சாயமும் பூசக்கூடாதாம்.

அதற்காக அந்த வெள்ளை வேட்டிகள், கரை கிழித்த பழைய வேட்டிகள், ஒரு கதர்ச் சட்டை எல்லாவற்றையும் மத்தியானமே பெரிய பக்கெட்டில் ஊறப்போட்டிருந்தேன். படம் முடிந்து போய்ப் பார்த்தேன். அடியில் அந்தச் சால்வையும் கிடந்தது. புதுத் துணி, முதல் நனைப்பு. எல்லாம் ஒரே சீராக ஊதாவாகியிருக்கிறது. திட்டுத்திட்டாக இல்லை. பிழிந்து மாடியில் காயப்போட்டுவிட்டேன். காற்று இருக்கிறது, காலைக்குள் காய்ந்துவிடும்.